8051-க்கு எந்த சி கம்பைலர்? எஸ்டிசிசி, கைல், நடுவுல கொஞ்சம் டர்போ சி

இது ஒலிப்பதிவோட எழுத்து வடிவம். பேச்சுல ரெண்டு ரெண்டு தடவை சொன்னதை வெட்டிட்டேன். கோடு வாசிச்சுக் காட்டின இடங்களை விளக்கமா மாத்தியிருக்கேன்.

எங்க ஊர் சங்கரன்கோவில்ல ஆடித்தபசு வந்துட்டா கோவிலைச் சுத்தி சீரியல் லைட்டாத்தான் இருக்கும். லைட் செட் போடுற அண்ணாச்சி ஒருத்தர்கிட்ட நாலு கண்ட்ரோலர் பெட்டி இருக்கு. எட்டு வரிசை பல்பை மாத்தி மாத்தி ஓட விடுற பெட்டி. ரெண்டுல ஏடி89எஸ்52 சிப், பழைய ரெண்டுல ஏடி89சி51. செஞ்சு கொடுத்தவர் இப்போ அந்தத் தொழில்லயே இல்லை. ஒரு பென்டிரைவ்ல சி ஃபைல் மட்டும் மிச்சம். "புதுசா ரெண்டு டிசைன் சேக்கணும் தம்பி, இதை எதுல போட்டா ஓடும்?"னு கேட்டார். அந்த 'எதுல போட்டா'தான் இன்னைக்கு விஷயம்.

முதல்ல சிப்பைப் பத்தி. 8051 இன்டெல் 1980ல கொண்டு வந்தது. 2007ல இன்டெல் தயாரிப்பை நிறுத்திட்டாலும், அதே வடிவமைப்பை ஏட்மெல் மாதிரி நிறைய கம்பெனிகள் எடுத்து ஓட்டினாங்க. 2016ல ஏட்மெல்லை மைக்ரோசிப் வாங்கிச்சு. நம்ம ஊர்ல இசிஇ, ட்ரிபிள் ஈ படிச்ச யாருக்கும் இது புது ஆள் இல்லை. மைக்ரோப்ராசஸர் லேப்ல 8086-க்கு அடுத்து இதுதான். ஆனா லேப்ல நாம செஞ்சது என்ன? அசெம்ப்ளியில எழுதி, ஆப்கோடு அட்டவணையைப் பார்த்து ஹெக்ஸா மாத்தி, கிட்ல ஒவ்வொரு பைட்டா அடிச்சோம். சி கம்பைலரைத் தொட்டவங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லதான் தொட்டிருப்பாங்க.

கைக்கு வர்ற முதல் சி கம்பைலர் நம்ம எல்லாருக்கும் டர்போ சி. நீல ஸ்க்ரீன். "அதுலயே போட்டா ஆகாதா?"ன்னு ஒரு நேயர் முன்னாடி ஒரு தடவை கேட்டிருந்தார். ஆகாது. அது 8086 குடும்பத்துக்கும் டாஸுக்கும் கோடு உருவாக்குற கம்பைலர். 8051-க்கு அந்த பைட்டுகள் வேற மொழி. ஆனா டர்போ சி-யைக் கேலி பண்ற கூட்டத்துல நான் இல்லை. அதுல ஆப்ஷன்ஸ்ல போனா டைனி, ஸ்மால், மீடியம், காம்பேக்ட், லார்ஜ், ஹியூஜ்னு ஆறு மெமரி மாடல் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதை யாரும் நமக்குச் சொல்லித் தரலை. ஸ்மால் மாடல்லயே நாலு வருஷம் ஓட்டிட்டோம். 8051 பக்கம் வந்தா அந்த மெனுதான் பாடத்தோட மையம்.

ஏன்னு சொல்றேன். லேப்டாப்புக்கு கம்பைலர் தேர்ந்தெடுக்கும்போது வேகம், எரர் மெசேஜ், புது சி ஸ்டாண்டர்ட் இதெல்லாம் பார்ப்போம். 89சி51ல மொத்த ராம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். கோடு வைக்கிற ஃப்ளாஷ் 4 கிலோபைட். 89எஸ்52ல இது 256 பைட், 8 கிலோபைட். அந்த 128 பைட்ல முதல் 8 பைட் ரெஜிஸ்டர்களுக்குப் போயிடும். ஸ்டேக்கும் இதே 128-க்குள்ளதான் வளரணும். அதுக்கு ஒரு இருபத்தைஞ்சு, முப்பது பைட் விட்டு வைங்க. மிச்சம் தொண்ணூறு பைட் சொச்சம். அண்ணாச்சியோட சி ஃபைல்ல ஒரு டிசைன் டேபிள் மட்டும் 64 பைட்.

இங்கதான் சாதாரண சி அறிவு காலை வாருது. அந்த டேபிளை வழக்கம்போல ஒரு அர்ரேயா எழுதினா கம்பைலர் அதை ராம்ல வைக்கும். பவர் போட்டதும் ஃப்ளாஷ்ல இருந்து ராமுக்குக் காப்பி பண்ணும். ரெண்டாவது டிசைன் சேர்த்தா இடம் காலி. 8051ல கோடுக்கு ஒரு முகவரி வெளி, உள் ராமுக்கு ஒண்ணு, வெளி ராமுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. சி மொழிக்கு இந்தப் பிரிவினையே தெரியாது. அதனால ஒவ்வொரு 8051 கம்பைலரும் சி-க்கு மேல தன் சொந்த வார்த்தைகளைச் சேர்த்துக்கிச்சு. டேபிளுக்கு முன்னாடி கைல்ல 'கோட்'னு போடணும். எஸ்டிசிசியில அதுக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் சேர்த்துப் போடணும். அந்த ஒரு வார்த்தையில 64 பைட் ராம்ல இருந்து ஃப்ளாஷுக்குப் போயிடும். அண்ணாச்சிக்கு இன்னும் பத்து டிசைன் சேர்க்கலாம்.

பாயின்டரும் இதே கதைதான். ஒரு பாயின்டர் எந்த வெளியைக் காட்டுதுன்னு நீங்க சொல்லலைன்னா, ரெண்டு கம்பைலருமே அதுக்கு மூணு பைட் எடுத்துக்கும். ரெண்டு பைட் முகவரிக்கு, ஒரு பைட் 'எந்த வெளி'ங்கிறதுக்கு. ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஒரு லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிட்டு வெளியைக் கண்டுபிடிச்சுத்தான் எடுக்கும். 'இது கோட் பாயின்டர்'னு சொல்லிட்டா ரெண்டு பைட், நேரடியா எடுக்கும்.

சரி, கைலா எஸ்டிசிசியா? கைல் ஜெர்மனியில ஆரம்பிச்ச கம்பெனி. 2005ல ஆர்ம் வாங்கிச்சு. நம்ம லேப்கள்ல பாதிப் பேர் 'கெயில்'னு சொல்வாங்க, யாரைச் சொல்றாங்கன்னு புரிஞ்சா போதும். 8051-க்குப் பல வருஷமா இதுதான் தொழில்முறை கம்பைலர். எஸ்டிசிசி திறந்த மூலம். சந்தீப் தத்தா ஆரம்பிச்சு வெச்சது, பிறகு பலர் சேர்ந்து வளர்த்தது. பேரே 'சின்னச் சாதனங்களுக்கான சி கம்பைலர்'தான். ஜிசிசி இல்லையான்னு கேட்பீங்க. அதிகாரப்பூர்வ ஜிசிசியில 8051 கிடையவே கிடையாது. சின்ன ஸ்டேக்கும் நாலு விதமான மெமரியும் உள்ள சிப் அதோட அமைப்புக்கு ஒத்து வராது.

வித்தியாசம் எங்க தெரியும்னா, லோக்கல் வேரியபிளை எங்க வைக்கிறதுங்கிறதுல. பெரிய கம்ப்யூட்டர்ல லோக்கல் வேரியபிள் ஸ்டேக்ல போகும்னு படிச்சோம். 8051ல ஸ்டேக் ரொம்பச் சின்னது, அதுல இருந்து எடுக்கிறதும் சிரமம். அதனால ரெண்டு கம்பைலருமே லோக்கலுக்கு ராம்ல நிரந்தர இடம் ஒதுக்கும். எல்லா ஃபங்ஷனுக்கும் தனித்தனி இடம் கொடுத்தா 128 பைட் அரை மணி நேரத்துல தீர்ந்துடும். அதனால இடத்தைப் பகிர்ந்துக்கும். கல்யாண மண்டபத்துல ஒரே ஹாலை காலையில முகூர்த்தத்துக்கும் சாயங்காலம் காதுகுத்துக்கும் விடுற மாதிரி. ஒரே நேரத்துல ரெண்டு பார்ட்டி வராத வரைக்கும் சிக்கல் இல்லை.

கைலோட லிங்கர் மண்டபத்தோட மொத்த புக்கிங் நோட்டையும் பார்க்கும். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுது, அது எதைக் கூப்பிடுதுன்னு முழு மரத்தையும் வரைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு மோதாத எல்லாத்தையும் ஒரே இடத்துல அடுக்கும். எஸ்டிசிசி அவ்வளவு தூரம் போகாது. வேற யாரையும் கூப்பிடாத கடைசி மட்ட ஃபங்ஷன்களுக்கு மட்டும்தான் இடத்தைப் பகிரும். அதுலயும் ஒரு நுணுக்கம். ஃபங்ஷனுக்குள்ள 16 பிட் பெருக்கலோ வகுத்தலோ இருந்தா, அதுக்காக லைப்ரரி ஃபங்ஷன் ஒண்ணைக் கூப்பிடும். அப்போ அது கடைசி மட்டம் இல்லை, பகிர்வும் இல்லை. ஆர்க்யூமென்ட் கொடுக்கிறதுலயும் கைல் மூணு ஆர்க்யூமென்ட் வரைக்கும் ரெஜிஸ்டர்ல அனுப்பும். எஸ்டிசிசி முதல் ஒண்ணை மட்டும் ரெஜிஸ்டர்ல அனுப்பிட்டு, மிச்சத்தை ராம்ல வைக்கும்.

அதனால நேர்மையா ஒத்துக்கணும்: 128 பைட் சிப்ல ராம் சிக்கனத்துல கைல்தான் கெட்டிக்காரன். 'இலவசமா கிடைக்குது, அதனால எஸ்டிசிசிதான் எல்லாத்துலயும் ஒசத்தி'ன்னு பேசுறவங்க 128 பைட்ல எதையும் எழுதிப் பார்த்திருக்க மாட்டாங்க.

புக்கிங் போடாம உள்ள வர்ற பார்ட்டி ஒண்ணு இருக்கு: இன்டரப்ட். மெயின் புரோகிராம் ஒரு 16 பிட் பெருக்கலுக்கு நடுவுல இருக்கும்போது டைமர் இன்டரப்ட் வருது. அதுக்குள்ளயும் ஒரு பெருக்கல் இருக்குன்னு வைங்க. எஸ்டிசிசியில ரெண்டும் ஒரே லைப்ரரி ஃபங்ஷன், அதுக்கு ஒரே ராம் இடம். இன்டரப்ட் முடிஞ்சு திரும்பி வந்தா மெயினோட எண் மாறிப் போயிருக்கும். இது தினமும் நடக்காது. லைட் ஒழுங்கா ஓடிக்கிட்டே இருக்கும், எப்போவாவது ஒரு தடவை ஒரு வரிசை மட்டும் தப்பா மின்னும். அண்ணாச்சி ஒயரைச் சந்தேகப்படுவார், ட்ரையாக்கை மாத்துவார், கடைசியில போர்டையே மாத்துவார். கைல்ல மெயினும் இன்டரப்டும் ஒரே ஃபங்ஷனைக் கூப்பிட்டா லிங்கர் 15ஆம் எண் எச்சரிக்கை கொடுக்கும். எஸ்டிசிசி சொல்லும்னு நம்பி உட்காரக் கூடாது.

இதுக்கு என் வழி எளிசு. இன்டரப்டுக்குள்ள கவுன்டரைக் குறைக்கிறது, ஒரு ஃப்ளாக்கை ஏத்துறது, அவ்வளவுதான். கணக்கெல்லாம் மெயின்ல. எட்டு பிட் எண்களைப் பெருக்கணும்னா 8051லயே அதுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கு. அன்சைன்டு கேரக்டர்னு வகையைச் சரியா எழுதினாலே லைப்ரரி வராது. டர்போ சி பழக்கத்துல எல்லாத்தையும் 'இன்ட்'னு எழுதுற கை நமக்கு. இந்தச் சிப்ல அந்தக் கையை மாத்தணும்.

அப்போ பழைய ஃபைலை அப்படியே எஸ்டிசிசியில போட்டா ஓடுமா? அண்ணாச்சியோட ஃபைல் கைலுக்கு எழுதினது. போர்ட் பின்னை அறிவிக்கிற வரியைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், 'எஸ்பிட்'னு போட்டு கேரட் குறி வெச்சு எழுதியிருக்கும். எஸ்டிசிசியில அதே பின்னை முகவரியோட, இரட்டை அண்டர்ஸ்கோர் வார்த்தைகளோட எழுதணும். அது அரை மணி நேர வேலை, தப்பினா கம்பைலரே கத்தும். கத்தாத மூணு விஷயம்தான் ஆபத்து.

ஒண்ணு, கேரக்டர் வகை. கைல்ல சும்மா 'சார்'னு போட்டா குறியுள்ள எண், மைனஸ் போகும். எஸ்டிசிசியில இப்போ அது குறியில்லாத எண். பூஜ்யத்துக்குக் கீழே போனா நிக்கணும்னு எழுதின லூப் இங்க நிக்கவே நிக்காது, பூஜ்யத்துக்கு அடுத்து 255 ஆயிடும். குறியுள்ளதா எடுத்துக்கோன்னு சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கு. அதை விட, ஒவ்வொரு இடத்துலயும் சைன்டா அன்சைன்டான்னு எழுதிடுங்க.

ரெண்டு, இன்டரப்ட் ஃபங்ஷனைத் தனி ஃபைல்ல எழுதியிருந்தா, மெயின் இருக்கிற ஃபைல்ல அதோட ப்ரோட்டோடைப் தெரியணும். தெரியலைன்னா எஸ்டிசிசி வெக்டர்ல அதுக்கு வழி போடாது. கம்பைல் ஆகும், ஹெக்ஸ் ஃபைல் வரும், டைமர் மட்டும் வேலை செய்யாது.

மூணாவது டிலே லூப். இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா நம்ம நாட்டு 8051 கோடுல பாதி இதுலதான் நிக்குது. உள் லூப் 1275 வரை ஓடுற ஒரு டிலே ஃபங்ஷனைப் பார்த்திருப்பீங்க. அந்த 1275 எங்க இருந்து வந்தது? மசீடியோட 8051 பாடப்புத்தகத்துல இருந்து. அங்க அது டிஎஸ்89சி420ங்கிற சிப்ல சோதிச்சதுன்னு குறிப்பு இருக்கும். அது வேகமான சிப், ஒரு க்ளாக்குக்கு ஒரு மெஷின் சைக்கிள். நம்ம 89எஸ்52ல 12 க்ளாக்குக்கு ஒண்ணு. குறிப்பை விட்டுட்டு எண்ணை மட்டும் எல்லாரும் காப்பி அடிச்சோம். 89எஸ்52ல அந்த 'ஒரு மில்லிசெகண்ட்' பல மடங்கு நீளும். அண்ணாச்சியோட பெட்டியைச் செஞ்சவர் கண்ணால பார்த்து எண்களைச் சரி பண்ணி வெச்சிருந்தார். ஆனா அந்தச் சரி, கைல் அந்த லூப்பை எத்தனை இன்ஸ்ட்ரக்ஷனா மாத்துச்சோ அதுக்குத்தான் சரி. எஸ்டிசிசி வேற எண்ணிக்கையில மாத்தும். அதனால கம்பைலர் மாறினதும் லைட்டோட வேகமே மாறிடும். எல்சிடி வெச்ச போர்டா இருந்தா டிஸ்ப்ளே ஆரம்பிக்காமலே போகலாம்.

டைமருக்கு மாறிட்டா இந்தத் தொல்லை இல்லை. 11.0592 மெகாஹெர்ட்ஸ் க்ரிஸ்டலை 12ஆல வகுத்தா நொடிக்கு 9,21,600 எண்ணிக்கை. 50 மில்லிசெகண்டுக்கு 46,080. 16 பிட் டைமர் 65,536 வரை போகும், தாராளமா அடங்குது. எந்த கம்பைலர்ல போட்டாலும் அந்த 50 மில்லிசெகண்ட் அப்படியே இருக்கும். பழைய ஃபைலைத் திறந்த உடனே நான் மாத்தச் சொல்ற முதல் விஷயம் இதுதான். கம்பைலர் தேர்வெல்லாம் அதுக்கு அப்புறம்.

இப்போ காசு. கைலோட இலவச மதிப்பீட்டுப் பதிப்பு 8051-க்கு 2 கிலோபைட் கோடு வரைக்கும்தான் விடும். சிலிக்கான் லேப்ஸ் தன்னோட 8051 சிப்களுக்கு மட்டும் முழு கைலையும் இலவசமாக் கொடுக்குது. ஏட்மெல் சிப் வெச்சிருக்கிறவங்களுக்கு அது உதவாது. முழு லைசென்ஸ் ஒரு சின்ன ஊர் லைட் கடைக்குக் கட்டுப்படியாகாது. அதனால என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், உடைச்ச காப்பி பென்டிரைவ்ல சுத்துது. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில பாருங்க, அந்தக் காப்பி இருந்த கம்ப்யூட்டர் போச்சுன்னா, பெட்டியைச் சரி பண்ற வழியும் அதோட போச்சு. சிப்ல இருந்து திரும்ப எடுக்கலாமேன்னா, 89எஸ்52ல லாக் பிட் போட்டிருந்தா படிக்க விடாது. அழிச்சு மறுபடி எழுத மட்டும்தான் விடும்.

எஸ்டிசிசிக்கு 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் தாராளம். 2011ல ஆரம்பிச்ச அரசு விலையில்லா லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்ல கிடக்கு. பலதுல சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ் இருந்தது, நம்மள்ல நிறைய பேர் முதல் வேலையா அதை அழிச்சோம். அதுல இப்போதைய டெபியனை லேசான டெஸ்க்டாப்போட போட்டா, ஒரே கமாண்டுல எஸ்டிசிசி வந்துடும். விண்டோஸ்லயும் ஓடும். இன்னொரு சந்தேகமும் வரும்: திறந்த மூல கம்பைலர்ல செஞ்சா நம்ம கோடையும் வெளியிடணுமா? வேண்டாம். அதோட லைப்ரரிகளுக்கு அதுக்குன்னே விதிவிலக்கு இருக்கு, பெட்டியை நீங்க தாராளமா விக்கலாம்.

போட்டதும் மறக்காம ஒரு ஆப்ஷன் கொடுங்க: உள் ராம் 128னு. சொல்லலைன்னா அதுக்குத் தெரியாது. கம்பைல் ஆனதும் கூடவே 'மெம்' நீட்சியோட ஒரு ஃபைல் வரும். ஸ்டேக் எங்க ஆரம்பிக்குது, அதுக்கு எத்தனை பைட் மிச்சம்னு ஒரே வரியில சொல்லியிருக்கும். நான் ஹெக்ஸ் ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் திறப்பேன். இருபதுக்குக் கீழே போச்சுன்னா சிப்ல ஏத்த மாட்டேன். ஏத்துறதுக்கு 89எஸ்52ன்னா யூஎஸ்பிஏஎஸ்பி மாதிரி சின்ன ப்ரோகிராமர் போதும், போர்டுல இருக்கும்போதே ஏத்தலாம். 89சி51ல அந்த வசதி இல்லை, கழட்டித் தனி ப்ரோகிராமர்ல சொருகணும். சாக்கெட் இல்லாம நேரா சால்டர் பண்ணியிருந்தா உங்க பாடு.

ஆக அண்ணாச்சிக்கு எஸ்டிசிசிதான் சொன்னேன். டேபிள்களை ஃப்ளாஷுக்குத் தள்ளி, டிலேயை டைமருக்கு மாத்தின பிறகு கைலோட ராம் சிக்கனம் இந்தப் பெட்டிக்குத் தேவைப்படலை. இதே ஒரு கம்பெனியில பல ஆயிரம் வரி கைல் கோடு ஓடிக்கிட்டிருக்கு, லைசென்ஸும் இருக்குன்னா, மாத்தாதீங்க. அங்க மாத்துறதுல ஆபத்து மட்டும்தான் இருக்கு.

மத்த சிப்களைப் பத்தி வேகமா. பிக்னா மைக்ரோசிப்போட எக்ஸ்சி8, இலவசப் பதிப்புல கோடு அளவுக்கு வரம்பு இல்லை, சுருக்குற வேலைதான் குறைவு. ஏவிஆர்னா ஜிசிசியே இருக்கு, யோசிக்கவே வேண்டாம். இசட்80-க்கு இசட்88டிகே. 80கள்ல புனேயில டெசிபெல்ஸ் கம்பெனி விட்ட டிபி ஸ்பெக்ட்ரம் யார் வீட்டுலயாவது இருந்தா அதுக்கும் இதுதான். 6502-க்கு சிசி65.

கடைசியா ஒரு வேலை இருக்கு, அஞ்சு நிமிஷம் ஆகும். சி ஃபைல், ஹெக்ஸ் ஃபைல், கம்பைல் பண்ணின கமாண்ட் வரி, எஸ்டிசிசி பதிப்பு எண், க்ரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ், எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க. பதிப்பு எண் எதுக்குன்னா, எஸ்டிசிசியே பதிப்புக்குப் பதிப்பு மாறும். இசட்80-க்கு 4.2ல ஆர்க்யூமென்ட் அனுப்புற முறையையே மாத்திட்டாங்க, பழைய அசெம்ப்ளி ஃபங்ஷன் கலந்து எழுதினவங்க எல்லாரும் திரும்பத் திருத்த வேண்டி வந்தது. ஃபோல்டரை ரெண்டு இடத்துல வைங்க. பதிப்பு எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பெட்டி மூடியோட உள்பக்கம் ஒட்டுங்க. வெளிப்பக்கம் ஒட்டினா முதல் மழையிலயே போயிடும்.